போர்டு மாட்டுவதற்கு முன்



கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று டெல்டா ஊர் எதிலும் உள்தெருவில் நடந்து பாருங்கள். தெருவுக்கு ஒன்றிரண்டு வீடாவது பூட்டிக் கிடக்கும். திண்ணைக் கம்பியில் ஒரு தகரம்: 'இவ்வீடு விற்பனைக்கு'. கீழே ஒரு கைப்பேசி எண், கடைசி இலக்கங்கள் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். அந்த எண்ணுக்குரியவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். எப்போதாவது ஒரு தரகர் கூப்பிடுவார். "பார்ட்டி இருக்கு சார், ஆடி போகட்டும்" என்பார். ஆடி போகும். மார்கழி வரும். "தை பிறக்கட்டும் சார்" என்பார்.

நம் வாசகர்களில் பலர் அப்படிக் காத்திருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். நேரில் சந்திக்கும்போது, "ரொம்ப நாளா முயற்சி பண்றோம், ஒண்ணும் நகரல" என்கிறீர்கள். எங்கள் வீடும் அப்படி நின்று, பிறகு விலைபோன வீடுதான். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த விஷயத்துக்கே கொடுக்கிறேன்.

எங்களுடையது டெல்டாவுக்கே உரிய நீள வீடு. முகப்பு 18 அடி, நீளம் 120 அடி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். பார்க்க வந்தவர்களில் ஒரு தம்பதி நன்றாக நினைவிருக்கிறது. கணவர் கையில் டேப் வைத்திருந்தார். வாசலின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, "கார் எங்க நிறுத்துறது?" என்றார். ரேழியைத் தாண்டவே இல்லை. அவர் மனைவி உள்ளே வந்தார். முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். "மழைன்னா எல்லாம் உள்ள வருமே, கம்பி அடிச்சு ஷீட் போடணும்" என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவர், கொஞ்சம் உதிர்ந்தது. என் அம்மா சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார். பிறகு யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தம்பதி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் வாழப்போகும் வீட்டுக்கு அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தான். நம் பக்கத்தில்தான் இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கிறது. தேக்குத் தூணும் கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்புத் தளமும் நமக்குப் பெருமை. உள்ளூர்ச் சந்தையிலோ, "மனைக்குத்தான் சார் விலை, கட்டடத்துக்கு ஒண்ணும் கிடையாது" என்பதுதான் பேச்சு. இடித்துக் கட்ட நினைப்பவர் இடிக்கிற செலவையும் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். பொதுச் சுவர் என்றால் அண்டை வீட்டாரோடு பேசியாக வேண்டும், அதையும் கழிப்பார்.

விலை விஷயத்தில் குடும்பங்கள் செய்வது இதுதான். பைபாஸ் ரோட்டில் ஒரு மனை சதுர அடி இவ்வளவுக்குப் போனது என்று யாரோ சொல்வார்கள். அண்ணனோ தம்பியோ அதை நம் வீட்டின் சதுர அடியோடு பெருக்கி ஒரு தொகை சொல்வார். அன்றிலிருந்து அந்தத் தொகை எல்லோர் மனத்திலும் உட்கார்ந்துவிடும். அதற்குக் கீழே யார் கேட்டாலும், "நம்மை ஏமாற்றப் பார்க்கிறான்" என்று தோன்றும். பைபாஸ் மனையில் லாரி திரும்பும். நம் தெருவில் ஆட்டோ திரும்பச் சிரமம். இரண்டுக்கும் ஒரே சதுர அடி விலை எப்படி வரும்?

வாங்குபவரின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீங்கள் 40 லட்சம் சொல்கிறீர்கள். அவர் வங்கிக் கடனை நம்பி வருகிறார். வங்கி 80 சதவீதம் தரும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 8 லட்சம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருவார். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது; அதைக் குறைத்தபோது வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். ஆக 40 லட்சத்துக்கு இன்னொரு 3 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு மேல் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, கட்டடம் பழசு, அங்கீகரித்த வரைபடம் இல்லை என்று எழுதி, மொத்த மதிப்பே 32 லட்சம் என்று கையெழுத்துப் போட்டால், கடன் 25 லட்சத்து 60 ஆயிரமாகச் சுருங்கிவிடும். இப்போது அவர் கையில் 18 லட்சம் வேண்டும். அந்த மனிதர் மறுநாள் முதல் போனை எடுக்க மாட்டார். நாம் அவரைப் பேச்சு மாறியவர் என்போம்.

விலையைக்கூடப் பேசிச் சரிசெய்துவிடலாம். பத்திரம்தான் பெரிய மலை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கை கூடிவந்த பல விற்பனைகள் இங்கேதான் முறிகின்றன.

எங்கள் வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதவில்லை. அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள், நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். வாங்க வந்த ஒருவரின் வக்கீல் அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அவர் தவறியபோது அவருடைய அம்மா இருந்தாங்களா?" பாட்டி இருந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் எவ்வளவு உரிமையோ, அவரைப் பெற்றவளுக்கும் அவ்வளவு உரிமை. பாட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டி இறந்த பிறகு அந்தப் பங்கு எங்களுக்கு மட்டும் வராது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்தே போகும். அத்தைக்கே இது தெரியாது. விவரம் சொன்னதும், "எனக்கு எதுக்குடா அதெல்லாம், எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார். எல்லா வீட்டிலும் அத்தை அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. சொல்லாவிட்டால் அவர்மேல் தப்பும் இல்லை. அது அவருடைய உரிமை.

மகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கல்யாணத்துக்கே செய்தாச்சு, அக்காவுக்குப் பங்கு இல்லை" என்று இன்றும் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் கொடுத்தது. அதற்கு முன் திருமணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து வைத்துவிட்டது. அக்காவின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை எந்த நல்ல வக்கீலும் வாங்கச் சொல்ல மாட்டார். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுரிமை வேறு. அவர்களும் பங்குதாரர் யார் யார் என்பதை முதலில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டில் ஒரு வாரிசு இருந்தால் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அங்கே எழுதி அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வருமான வரிக் கணக்கும் வேறு. இதை முதல் நாளே சொல்லாமல் பதிவு அலுவலகத்து வாசலில் சொன்னால், வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போவார்.

அடிமனையையும் பாருங்கள். கோயில் நகரங்களில் பல வீடுகள் கோயில் இடத்திலோ மடத்து இடத்திலோ நிற்கின்றன. ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை பல்லாண்டாகப் பேசப்படுவது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் நிலம் நம்முடையது ஆகிவிடாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது, நில அளவை எண்ணும் பத்திரத்தில் உள்ள எல்லையும் பொருந்துகின்றனவா என்று தரகரைக் கூப்பிடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

விலைபோகும்வரை வீட்டைப் பூட்டியே வைத்திருப்பது அதற்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால், ஆள் இருக்கும் வீட்டில் அன்றே தெரியும். பூட்டிய வீட்டில் அடுத்த ஐப்பசி மழை முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும். உத்தரத்தில் கறையான், சுவர் வெடிப்பில் அரசங்கன்று. 'குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்கள்' என்ற பயத்தில்தான் பலரும் பூட்டுகிறார்கள். அந்தப் பயம் 1960-இன் பழைய வாடகைச் சட்டக் காலத்தில் வேரூன்றியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிட்டால் நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு சின்னக் குடும்பம் உள்ளே இருந்து சாயங்காலம் விளக்கு எரிந்தால், பார்க்க வருபவருக்கு அது வீடாகத் தெரியும். இன்னொன்று: பழைய மரம் வாங்குபவர் வந்து நிலைக்கதவுக்கு மட்டும் நல்ல விலை சொல்வார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அப்படி வீடுவிட்டுப் போன கதவுகளையும் தூண்களையும் பார்த்திருப்பீர்கள். வீட்டை விற்க நினைப்பவர் கதவை முதலில் விற்கக் கூடாது. கதவு போன வீட்டை யாரும் குடியிருக்க வாங்க மாட்டார்கள்.

எங்கள் வீடு விலைபோனது அம்மாவால். பக்கத்து வீட்டிடம் மட்டும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. 'விற்கிற நிலைமைக்கு வந்துட்டாங்களா' என்ற சொல் வருமோ என்கிற கூச்சம். சொந்தத் தெருவில் இந்தக் கூச்சம் இல்லாத குடும்பம் அபூர்வம். ஒரு நாள் அம்மாவே அடுத்த வீட்டுக்குப் போனார். "தம்பி, வீட்டைக் கொடுக்கலாம்னு இருக்கோம். வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்களைத்தான் கேட்டிருக்கணும்" என்றார். அந்தத் தம்பி சொன்னார்: "வெளியாளுங்க வந்து பார்க்கிறது தெரியும் பெரியம்மா. நீங்களா சொல்லாம நாங்க எப்படி வந்து கேக்கிறது?"

அவர்கள் மரியாதைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பொதுச் சுவர் மற்ற எல்லோருக்கும் குறை. அவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. எங்கள் 18 அடியும் அவர்கள் 18 அடியும் சேர்ந்தால் 36 அடி முகப்பு. அண்ணன் தம்பி இருவர் தனித்தனியாக இருக்கலாம், காரும் நிற்கும். நாங்கள் மனத்தில் வைத்திருந்த தொகை கிடைக்கவில்லை. ஆனால் இடிப்புச் செலவைக் கழிக்காத, நியாயமான விலை கிடைத்தது.

பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். பாதியைக் கையில் தருகிறேன், பத்திரத்தில் குறைத்து எழுதலாம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நிலம், வீடு விற்பனையில் முன்பணம் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வரிக்குப் பயந்து இதில் இறங்குபவர்கள் முதலில் ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள். 2001-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். கிடைத்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் சட்டமே விலக்கு தருகிறது. பல குடும்பங்களுக்கு, பயந்த அளவுக்கு வரி வருவதில்லை.

வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. விற்பதென்று முடிவானால் அம்மா அப்பா இருக்கும்போதே, அவர்கள் வாயால் அது வரட்டும். அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோரும் ஒன்றுகூடும்போது, பீரோவிலிருக்கும் பத்திரக் கட்டை வெளியே எடுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, இறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். யாருக்குப் பங்கு உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் அத்தை பெயர் வந்தால் அன்றைக்கே அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். தகரத்தையும் தரகரையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்