பெட்சீட் போர்த்திய ஸ்மார்ட் போட்

போன கிழமை எங்கட கல்லூரிக்கு ஓர் ஈமெயில் வந்தது. அடுத்த ஐந்தாண்டுக்கான தொழில்நுட்பத் திட்டம் தயாரித்து அனுப்பச் சொல்லிக் கடிதம். திறந்தால் ஒரு தமிழெழுத்தைக் காணவில்லை! இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கிறது. மேலிடத்தில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கட கந்தோர் கொம்பியூட்டரில் பாமினி இல்லை. 'தமிழ்' என்று வரவேண்டிய இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி.

யூனிகோட்டில் தமிழ் ஏறியது 1991 ஆம் ஆண்டு. இலங்கையில் கணினித் தமிழுக்கென்றே எஸ்.எல்.எஸ். 1326 என்று ஒரு தரம் வகுத்து வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை வட்ஸ்அப்பில் அழகாகத் தமிழில் எழுதுகிறது. மேலிடக் கந்தோர்கள் மட்டும் ஏன் பாமினியைப் பிடித்துக்கொண்டே நிற்கின்றன? யாரிடம் கேட்பது, சொல்லுங்கள். சின்ன விசயம்தான். ஆனால் இத்தனை வருசத்தில் ஓர் எழுத்துருவை மாற்றிக்கொள்ளாத இடத்திலிருந்து, மாற்றத்துக்குத் திட்டம் போடு என்று எங்களுக்குக் கடிதம் வருகிறதே, அதுதான் சுடுகிறது.

நான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பழக்குகிற போதனாசிரியர். மட்டக்களப்பு வாவிக்குக் கிட்டத்தான் கல்லூரி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்தக் கல்லூரியின் கதையாகச் சுருங்கிப் போகும். பக்கத்துக் கல்லூரிக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார். மேல்நாடுகளில் கொமியூனிட்டி கொலிஜ் என்று சொல்வார்களே, ஊர்ப் பிள்ளை ஊரிலிருந்தபடியே ஒரு தொழிலைப் படித்து மேலே வருகிற இடம், இங்கே அந்த வேலையைச் செய்வது எங்களைப் போன்ற கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும்தான். கம்பஸ் கிடைக்காத பிள்ளைக்கு வேறு எந்தக் கதவு இருக்கிறது?

அந்த ஈமெயிலோடு வந்த திட்டப் படிவத்தை ஒருவாறு யூனிகோட்டுக்கு மாற்றி எடுத்துப் படித்தேன். நாலு நிரல். பொருள், எண்ணிக்கை, உத்தேச விலை, தேவைப்படும் ஆண்டு. அவ்வளவுதான். அந்தப் பொருளை வைத்து யார் பழக்குவது? பழக்குகிறவருக்கு யார் பழக்குவது? பழுதானால் திருத்துகிற காசு எங்கிருந்து வரும்? எந்தப் பிள்ளைக்கு இது வேணும்? ஒன்றுக்கும் நிரல் இல்லை.

"சேர், போன முறை அனுப்பின பைல எடுத்து வருசத்த மாத்திக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள போகோணும். மறுகா பாப்பம்" என்றார் கந்தோரில் இருப்பவர். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கும் மூன்று நாள்தான் தந்திருக்கிறார்கள். ஐந்து வருசத்து யோசனைக்கு மூன்று நாள்!

பழைய பைலை எடுத்தேன். அதுவும் அதற்கு முந்தியதைப் பார்த்து எழுதினதுதான். எப்படித் தெரியும்? 'எழுதும் சீ.டி., 20 பெட்டி' என்று ஒரு வரி இரண்டிலும் ஒரே எழுத்துப் பிழையோடு கிடக்கிறது. சீ.டி. போடுகிற கொம்பியூட்டர் இப்போது எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

வாருங்கள், வகுப்பறையைக் காட்டுகிறேன். சுவரில் பெரிய ஸ்மார்ட் போட். அதற்கு மேல் பூப்போட்ட பெட்சீட். தூசி படியக்கூடாது என்று எங்கட மிஸ் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்தியது. போட் வந்த அன்றைக்கு நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். கம்பனியிலிருந்து வந்த பொடியன் அரை மணித்தியாலம் எதையெதையோ தொட்டுக் காட்டிவிட்டு, கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அவன் சொன்னது சிங்களத்தில். விளங்கினது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் இப்போது இடமாற்றத்தில் திருகோணமலையில் இருக்கிறார். பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருந்தது. போன் எடுத்துக் கேட்டோம், தந்தார், போட்டோம். அது அப்டேட் கேட்டது. அப்டேட் பாதியில் நிற்கும்போது இன்டர்நெட் விழுந்தது. அன்றோடு சரி. இப்போது பெட்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் போட்டை நிறுத்தி மார்க்கரில் எழுதுகிறோம். மார்க்கர் நாங்கள் கைக்காசில் வாங்குகிறது.

அடுத்தது கொம்பியூட்டர் லேப். ஏ.சி. போடுகிறோம் என்று ஜன்னலைத் திறக்க ஏலாதபடி கண்ணாடி அடித்தார்கள். ஏ.சி. பழுதானது. திருத்தக் காசு இல்லை. வெக்கை தாங்காமல் இரண்டு கண்ணாடியைக் கழற்றினோம். வாவிக்காற்று உள்ளே வந்தது. உப்பும் சேர்ந்து வந்தது. வாவிக்கரையில் வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், இங்கே ஜன்னல் கம்பி என்ன பாடு படும் என்று. கம்பியே கறள் பிடித்து உதிருகிற ஊரில் மதர்போட் என்ன ஆகும்? கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துகிற யாரைக் கேட்டிருந்தாலும் இரண்டு நிமிசத்தில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

இனி என்னுடைய பகுதி. என்னை நித்திரை கொள்ள விடாதது இதுதான். எங்கட பட்டறையின் நடுவில் ஒரு காபரேட்டர் என்ஜின் நிற்கிறது. வருசா வருசம் ஒவ்வொரு பட்ச் பிள்ளைகளும் அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி, நட்டுகளின் மூலையெல்லாம் தேய்ந்து உருண்டு போய்விட்டது. ஸ்பானர் பிடிக்காது. அதில் படிப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். அடிப்படை வேணும். ஆனால் ரோட்டில் என்ன ஓடுகிறது? இ.எஃப்.ஐ. என்ஜின் வந்து எவ்வளவு காலம்? ஆரையம்பதியிலும் செங்கலடியிலும் ஹைபிரிட் கார் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு, முழுக்க பட்டரியில் ஓடும் கார்களும் நாட்டுக்குள் இறங்குகின்றன. அதில் காபரேட்டரும் இல்லை, சைலன்சரும் இல்லை. என் பிள்ளைகள் கையில் ஸ்பானரோடு எதைக் கழற்றுவது?

போன பட்ச்சில் ஒரு பொடியன் இருந்தான். மண்டூர்ப் பக்கம். விடிய வெளிக்கிட்டு, பாதையில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவான். வாகனமும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறது. பாதை பிந்தினால் அவனும் பிந்துவான். ஆனால் ஒருநாளும் வராமல் விடமாட்டான். பின்னேரங்களில் ஒரு கராஜில் உதவிக்கு நிற்பான். ஒருநாள் என்னிடம் கேட்டான்:

"சேர், கராஜுக்கு வாற வாகனமெல்லாம் ஸ்கேனர் குத்தித்தான் பாக்காங்க. நாம எப்ப சேர் அது படிக்கிற?"

நான் என்ன சொல்ல? ஸ்கேனர் கேட்டு மூன்று தரம் எழுதினேன். முதல் தரம், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார்கள். இரண்டாம் தரம், ஒதுக்கின காசு ஸ்மார்ட் போட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தரம் பதிலே இல்லை. கடைசியில் அந்தக் கராஜ்காரரிடம் நானே போய்க் கெஞ்சிக் கேட்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு ஒரு சொக்கட்டில் குத்தினார். திரையில் பீ 0302 என்று வந்தது. "இரண்டாம் சிலிண்டர் ஒழுங்கா எரியல்ல. பிளக்க கழத்திப் பாருங்க தம்பிமார்" என்றார். கழற்றினார்கள். பிளக் கரிக்கட்டையாக இருந்தது. புதுப் பிளக் பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, அந்த இலக்கத்தை அழித்துக் காட்டினார். என்ஜின் நடுக்கம் நின்று ஒரே சீராக உறுமியபோது பதினெட்டுத் தலை ஒன்றுக்கு மேல் ஒன்றாக பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தது. ஒரு வருசம் முழுக்க என் வகுப்பில் நான் காணாத முகங்கள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நிமிசத்தில் காட்டக்கூடிய ஒன்றை இத்தனை பட்ச்சுக்குக் காட்டாமல் அனுப்பியிருக்கிறேனே!

யாரிடம் கேட்டு இந்தத் திட்டங்களைப் போடுகிறார்கள்? கராஜ்காரரிடம் கேட்டார்களா? வயலில் நெல் வெட்டுகிற மெசின் பழுதாகி, வேறு ஊரிலிருந்து மெக்கானிக் பாஸ் வரும்வரைக்கும் காத்துக் கிடக்கிற, வாவிக்கு அக்கரையான படுவான்கரை விவசாயியிடம் கேட்டார்களா? படகு மோட்டர் திருத்த ஆள் தேடி அலைகிற மீனவரிடம்? கூரையில் சோலார் தட்டு பூட்டுகிற கம்பனிகள் வேலை தெரிந்த பொடியன்களைத் தேடுகின்றன. அந்தப் பாடம் எங்கட பட்டியலில் எங்கே?

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் பூட்டினபோது, ஒன்லைனில் படிப்பியுங்கள் என்றார்கள். படுவான்கரைப் பிள்ளைகள் கனபேருக்கு வீட்டில் சிக்னல் இல்லை. ஒரு பிள்ளை குளக்கட்டில் ஏறி நின்று சூமுக்கு வந்தாள். அது யானை இறங்குகிற பக்கம். கெதியா வா, இருட்டுப்படுகுது என்று தாய் கூப்பிடுகிற குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இதிலிருந்து பாடம் படிக்கவேணும் என்று அன்றைக்குச் சொன்னோம். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோதும் அதையே சொன்னோம். படித்த பாடம் எந்தத் திட்டத்தில் ஏறியது? இந்தப் புதுப் படிவத்தில், கரண்ட் இல்லாத நாளைக்கு என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கிறதா? சிக்னல் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு என்ன என்று ஒரு வரி?

மண்முனைப் பாலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2014 இல் திறந்தார்கள். கொக்கட்டிச்சோலைச் சனத்தின் வாழ்க்கையே மாறியது. அதற்கு முன் அந்த இடத்தில் பாதைதான் ஓடியது. சனம் எங்கே கடந்ததோ அங்கேதானே பாலத்தைப் போட்டார்கள்? பாலத்துக்கு வந்த அந்தப் புத்தி ஒரு கல்லூரிக்குத் திட்டம் போடும்போது எங்கே போகிறது?

மொழிக் கதை இன்னொரு வயிற்றெரிச்சல். புதுக் கருவி வந்தாலும் கையேடு சிங்களத்தில், இல்லாவிட்டால் இங்கிலீஷில். தமிழ் கேட்டால் பிறகு வரும் என்பார்கள். வந்ததை எடுத்துப் பார்த்தால் எந்தச் சொல் எந்தப் பாகத்தைக் குறிக்கிறது என்று இத்தனை வருசம் பழக்கின எனக்கே விளங்காது. விபுலாநந்த அடிகளை நாங்கள் யாழ் நூலுக்காகத்தான் பேசுகிறோம். காரைதீவில் பிறந்த அந்த மனுசன் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர். எங்கள் இனம், எங்கள் தொழில்! 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தமிழ்ப் பிள்ளைக்குப் போய்ச் சேர முதலில் சொல் வேணும் என்று அப்போதே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், எங்கட பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கையில் தமிழில் ஓர் ஒழுங்கான கையேடு இல்லை.

நான் இந்த முறை வருசத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. படிவத்தின் நாலு நிரலையும் நிரப்பிவிட்டு, பின்பக்க வெற்றுத்தாளில் எழுதினேன். எதை வாங்கினாலும் இரண்டு பேருக்குத் தமிழில், ஒரு கிழமையாவது பயிற்சி. விலையில் ஒரு பங்கு திருத்த வேலைக்கென்று முதலிலேயே ஒதுக்க வேணும். இடமாற்றம் போகிறவர் திறப்புகளைக் கையளிப்பதுபோல பாஸ்வேர்ட்டையும் எழுத்தில் கையளிக்க வேணும். உப்புக்காற்று ஊருக்கு ஏற்ற அறை. பட்டறைக்கு ஒரு ஸ்கேனர். வருசத்துக்கு ஒருதரம் கராஜ்காரரையும் விவசாயியையும் மீனவரையும் கல்லூரிக்குக் கூப்பிட்டு, என்ன தெரிந்த பிள்ளை வேணும் என்று கேட்கிற ஒரு நாள். யூனிகோட்டில் அடித்து, வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.

மண்டூர்ப் பொடியன் என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழோடு கட்டாருக்குப் போய்விட்டான். போன மாதம் வட்ஸ்அப்பில் கதைத்தான். டயர் மாற்றுகிற வேலையாம். ஸ்கேனர் பிடிக்கிற வேலைக்கு வேறு நாட்டுப் பொடியன்கள் நிற்கிறார்களாம்.

இதை வாசிக்கிற நீங்களும் இப்படி ஒரு கல்லூரியில் பழக்குகிறவர் என்றால், அந்தப் படிவம் உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். பழைய பைலை எடுக்க முதல், ஒரு பின்னேரம் பக்கத்துக் கராஜுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டு என்ன தேவை என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.