பவளத்தின் பசியும் கடலின் இரும்பும்



சென்ற இதழின் பவளப்பாறைக் கட்டுரையைப் படித்துவிட்டு வேதியியல் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். “கடல் சூடானால் பவளம் வெளுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கடல், ஒரே சூடு. பிறகு ஒரு பாறை வெளுத்துப்போக, சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொன்று எப்படித் தாங்குகிறது?” நல்ல கேள்வி. விடையாகச் சொல்லப்படுபவை பல: நீரோட்டம், மேகநிழல், ஆழம், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி இனம். அதிகம் பேசப்படாத விடை ஒன்றும் உண்டு. கடல்நீரில் மிகமிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பொறுத்தும் பவளத்தின் தாங்குதிறன் மாறுகிறது. இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

பவளப்பாறையைக் கட்டுவது ஒரு சின்னஞ்சிறு விலங்கு. அதன் திசுவுக்குள், சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில், ஒற்றைச் செல் பாசி வாழ்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்கிறது. விலங்கின் உணவுத் தேவையில் பெரும்பகுதி அதிலிருந்தே தீர்கிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் பாசி தருவதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தால் போதும், பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகத் தொடங்குகிறது. வெயிலோ நிற்பதில்லை. செலவாக வழியில்லாத ஒளியாற்றல் ஆக்சிஜன் மேல் இறங்கி, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, திசுவை அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. பவளம் தன் பாசியை இழந்து வெளுக்கிறது. சில வாரங்களில் பாசி திரும்பினால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியில் சாகும்.

உலோகம் இங்கே எங்கே வருகிறது? எல்லா இடத்திலும் வருகிறது. நீர் மூலக்கூறைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றும் இடத்தில் இருப்பது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த முடிச்சு. அங்கிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொண்டுபோவது பெரும்பாலும் இரும்பு தாங்கிய புரதங்கள். கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்த உதவும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். அரிக்கும் பொருள்களை அடக்கும் நொதிகளைப் பார்த்தாலும் இதே கதைதான். சூப்பராக்சைடை அடக்கும் நொதிக்கு இரும்போ மாங்கனீசோ, அல்லது செம்பும் துத்தநாகமுமோ தேவை. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸுக்கு இரும்பு தேவை. ஆக, பவளம் சூட்டில் தவிக்கும் அதே வாரங்களில்தான் அதற்கு உலோகத் தேவையும் கூடுகிறது. கையிருப்பு குறைந்த பவளம் முதலில் விழுகிறது.

அந்தக் கையிருப்பு எவ்வளவு சொற்பம் என்பதைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நடுக்கடலின் மேற்பரப்பு நீரைப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகளில் நூறு லாரி அள்ளி வந்தாலும், அத்தனையிலும் கரைந்துள்ள இரும்பு பொதுவாக அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாகாது. பூமியின் மேலோட்டில் நிறைந்திருக்கும் தனிமங்களில் நான்காவது இடம் இரும்புக்கு. ஆனால் ஆக்சிஜன் கலந்த கடல்நீரில் அது கரைந்து நிற்பதில்லை. துருவாகித் திரண்டு அடியில் இறங்கிவிடுகிறது. காற்று கொண்டுவரும் பாலைவனத் தூசு, ஆற்று வண்டல், காட்டுத்தீயின் புகை, கரையோரச் சேறு போன்றவைதான் கடலுக்குப் புதிதாக இரும்பு ஊட்டும் வழிகள்.

இவ்வளவு சிறிய அளவை அளப்பதே பெரும்பாடாக இருந்தது. கப்பலே இரும்பு, வடம் இரும்பு, துருவோ எங்கும் பறக்கும். நீரை எடுக்கும்போதே இரும்பு கலந்துவிடுவதால், பல பத்தாண்டுகளாகக் கிடைத்த கணக்குகள் எல்லாம் உண்மையைவிட மிகக் கூடுதலாகவே இருந்தன. 1980களில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் ஜான் மார்ட்டின் போன்றோர் துருப்படாத கருவிகளும் தூசியில்லா அறைகளும் கொண்டு அளந்த பிறகே, பரந்த கடற்பரப்பில் உயிர்கள் இரும்புக்கு ஏங்கிக் கிடப்பது வெளியே தெரிந்தது. அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த கதைகளில் இது ஒன்று. பெரிய கோட்பாடு வருவதற்கு முன்னால், யாரோ ஒருவர் பொறுமையாகப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

பவளத்துக்கு வருவோம். பவளத்தில் வாழும் பாசிகளைத் தனியே வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் இரும்புத் தேவை மற்ற பல கடற்பாசிகளைவிட உயர்ந்திருப்பதும், இரும்பு குறைந்த நீரில் அவை வெப்பத்தை இன்னும் மோசமாகத் தாங்குவதும் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. 2018இல் வெளிவந்த இன்னொரு சோதனை என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. நியூ கலிடோனியாவிலும் மொனாக்கோவிலும் பணிபுரியும் ஆய்வாளர்கள் ஸ்டைலோஃபோரா பிஸ்டிலாட்டா என்ற பவளத்தை எடுத்து, சிலவற்றுக்கு மாங்கனீசு சேர்த்த நீரும் சிலவற்றுக்குச் சேர்க்காத நீரும் கொடுத்துச் சூடேற்றினார்கள். மாங்கனீசு கிடைத்தவை கிடைக்காதவற்றைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கின. நியூ கலிடோனியா நிக்கல் சுரங்கங்களுக்குப் பெயர்போன தீவு. அதன் செம்மண் மழையில் கரைந்து பவளம் நிறைந்த கடற்கழிக்குள் வந்து சேர்வதால்தான் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்தது.

அப்படியானால் கடலில் உலோகத்தைக் கொட்டிப் பவளத்தைக் காப்பாற்றலாமே என்று கேட்கத் தோன்றும். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தச் சோதனை தற்செயலாகவே நம் கண்முன் நடந்துவிட்டது.

பசிபிக் கடலின் நடுவே பல்மைரா என்ற பவளத்தீவு. அதைச் சுற்றி இரும்புக்கு ஏங்கும் நீர். 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் அங்கே தரைதட்டி அப்படியே கிடந்தது. வருடங்கள் செல்லச்செல்ல, துருப்பிடித்த அந்தக் கப்பலைச் சுற்றிப் பவளத்தின் உறவினமான, ஆனால் பாறை கட்டாத ஓர் உயிரினம் கம்பளம்போல் பரவிப் பவளத்தை மூடியது. கப்பலுக்கு அருகே அது அடர்ந்திருந்தது. தள்ளிப் போகப்போகக் குறைந்தது. அதே வட்டாரத்தின் கிங்மன் பாறையில் இன்னொரு சிதைந்த கப்பல். அதைச் சுற்றிய பாறை கறுத்தே போனது. கசிந்த இரும்பைத் தின்று கொழுத்த பாசிப் படலமும் நுண்ணுயிர்களும் பவளத்தை அழித்ததை 2012இல் வெளியான ஆய்வு விளக்கியது. அமெரிக்க அரசு 2013-14இல் அந்தச் சிதைவுகளை அப்புறப்படுத்தியது. பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு இரும்பு போய்ச் சேரும் முன், வெளியே காத்திருக்கும் பாசி அதைத் தட்டிப் பறித்துவிடுகிறது.

நம் இந்தியப் பெருங்கடலிலேயே இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. 1997இல் இந்தோனேசியக் காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன. சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளைச் சுற்றியிருந்த பவளங்கள் அந்த ஆண்டு கூட்டமாகச் செத்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெரிலி அப்ரம் குழுவினர் பவளத்தின் வளர்ச்சி அடுக்குகளை ஆராய்ந்து 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுந்து உரம் கொடுத்த நேரத்தில், புகையோடு வந்த இரும்பும் சேர, கடலில் மிதவைப்பாசி செந்நிறமாகப் பெருகியது. பிறகு அது மடிந்து அழுகியபோது நீரில் ஆக்சிஜன் தீர்ந்து பவளம் மூச்சுத்திணறிச் செத்தது என்றார்கள். அங்கே அதைக் கொன்றது சூடும் இல்லை, நஞ்சும் இல்லை. மிகுதியான உணவு.

செம்பின் கதை வேறு. அதுவும் வேண்டிய உலோகம்தான், ஆனால் வேண்டிய அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இடைவெளி குறைவு. அந்தக் கொல்லும் திறனுக்காகவே படகின் அடிப்பகுதிக்குப் பூசும் சிவப்புப் பெயிண்டில் செம்பு சேர்க்கிறார்கள். கொட்டலசு ஒட்டாமல் இருக்க வேண்டும், படகு வேகமாகப் போக வேண்டும், டீசல் மிச்சமாக வேண்டும். மீனவருக்கு அது தேவையான செலவு. அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் பவளத்தின் கருவுறுதலும் இளம்பவளம் பாறையில் ஒட்டுவதும் செம்பால் எளிதில் கெடும். 2000 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் அருகே சட்பரி பாறையில் புங்கா தெராதாய் சாத்து என்ற சரக்குக் கப்பல் ஏறியது. கப்பல் மிதந்து போன பின்னும் பாறையில் உரசி உதிர்ந்த பெயிண்ட் அங்கேயே கிடந்தது. அதில் செம்பும், துத்தநாகமும், அப்போது புழக்கத்தில் இருந்த வெள்ளீயச் சேர்மம் ஒன்றும் இருந்தன. அந்தப் பெயிண்ட் கலந்த மண் இருந்தால் இளம்பவளம் வந்து ஒட்டுவது நின்றுபோவதைச் சோதித்துக் காட்டியபின் அதை அள்ளி அகற்ற வேண்டியிருந்தது. அந்த வெள்ளீயப் பெயிண்டை உலகம் தடைசெய்யும் உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. செம்பு தொடர்கிறது.

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. நம்முடைய நீர் நடுக்கடல் நீரைப்போல இரும்புக்கு ஏங்குவதில்லை. ஆற்று வண்டலும் நிலக்கரிச் சாம்பலும் துறைமுகச் சேறும் கழிவும் வந்துசேரும் கரையோர நீர் இது. இங்கே அச்சம் மிகுதியைப் பற்றியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது இங்கே பவளம் வெளுக்கிறது. 2010உம் 2016உம் கடுமையான ஆண்டுகள். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன்கள் கரையில் செத்து ஒதுங்கியதும், நீரில் ஆக்சிஜன் குறைந்து பவளம் செத்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற மிதவை உயிரி அளவுக்கு மீறிப் பெருகியதன் விளைவு அது. அதற்கு இரும்பைக் குற்றம் சாட்ட எந்தச் சான்றும் இல்லை. ஆனால் வழி ஒன்றுதான்: தெளிந்திருக்க வேண்டிய நீரில் உணவு கூடுகிறது, வேறெதுவோ பெருகுகிறது, பவளம் மூச்சடைக்கிறது.

கடல் சூடாவதற்குக் காரணம் உலகம் முழுக்க எரியும் நிலக்கரியும் எண்ணெயும். அதை நிறுத்தாமல் பவளத்துக்கு விடிவில்லை; இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வெளுத்த பவளம் மீளும் அந்தச் சில வாரங்களில் அதைச் சுற்றியிருக்கும் நீர் எப்படிப்பட்டது என்பது பெரும்பாலும் கரையில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும், துறைமுகமும், படகுத் துறையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கவனிக்க வேண்டிய இடம் அது. ஏப்ரலுக்கு முன் தூர்வாரும் பணியை முடித்துக்கொள்வது, மூழ்கிய இரும்புப் படகை அங்கேயே விட்டுவிடாமல் தூக்குவது, கரையில் படகைச் சுரண்டும்போது உதிரும் பெயிண்ட் தூள் அலையில் போகாமல் தார்ப்பாய் விரித்து அள்ளுவது. இவை எல்லாம் செய்யக்கூடியவை. முன்பும் இங்கே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2001இல் கடினப் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுப்பது பிறகு சில ஆண்டுகளில் தூத்துக்குடியில் ஓய்ந்தது. அந்தக் கரையில் அது நிற்கும் என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இந்த இதழின் நடுப்பக்கத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளின் வரைபடம் ஒன்றைத் தந்திருக்கிறோம். அந்தக் கரையில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கோடையில் கடலுக்குப் போகும்போது பவளம் வெளுத்திருப்பதைக் கண்டால் நாள், இடம், நீரின் நிறம், காற்று ஆகியவற்றைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் ஊர்ப் படகுத் துறையில் சுரண்டிய பெயிண்ட் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜூலை இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்