பாடசாலை நூலகமும் எமது பிள்ளைகளும்

கோடை விடுமுறைக்காகப் பாடசாலைகள் மூடப்படும் காலத்தில், பிரித்தானியாவில் வாழும் எமது பிள்ளைகள் பலர் தேர்ச்சி அறிக்கையுடன் இன்னொரு தாளையும் வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. பாடசாலை நூலகத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தியமைக்கான சான்றிதழ் அது. ஒருவர் அவ்வாண்டில் அதிக நூல்களை இரவல் பெற்றவர். இன்னொருவர் பத்து இலட்சம் சொற்களை வாசித்து முடித்தவர். மற்றொருவர் மதிய இடைவேளைகளில் தவறாது நூலகத்துக்கு வந்தவர். அவர்களுடைய பெயர்கள் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படுகின்றன. நூலகச் சுவரில் ஒட்டப்படுகின்றன. பெற்றோருக்கான செய்திமடலில் அச்சாகின்றன. வீட்டுக்கு வந்த தாளோ, வரவேற்பறை அலுமாரியில் அரங்கேற்றப் படங்களுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கிடைத்த புள்ளிகளைத் துருவித் துருவிக் கேட்கும் எமது பெற்றோர் இதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை.

நூலகப் பயன்பாட்டைக் கணக்கெடுப்பதையும் அதைக் கொண்டாடுவதையும் நாம் வரவேற்கிறோம். அதற்குரிய காரணத்தை முதலிற் கூறிவிடுதல் நன்று. இங்கிலாந்தின் ஒவ்வொரு சிறைச்சாலையிலும் நூலகம் ஒன்று இருத்தல் வேண்டும் என 1999ஆம் ஆண்டின் சிறைச்சாலை விதிகள் கூறுகின்றன. பாடசாலைகளைக் கட்டுப்படுத்தும் அத்தகைய விதி எதுவும் இங்கு இல்லை. நூலகத்தை வைத்திருப்பதும், அதை வகுப்பறையாக மாற்றிவிடுவதும், பயிற்சி பெற்ற நூலகரை நீக்கிவிட்டு வேறொரு ஊழியரிடம் திறப்பைக் கொடுப்பதும் அதிபரினதும் நிர்வாக சபையினதும் முடிவைப் பொறுத்தவை. வரவுசெலவில் பணம் குறையும்போது முதலிற் கண்ணிற் படுவது நூலகமே. அவ்வேளையில் நூலகரின் கையிலுள்ள ஒரே ஆயுதம் அவர் வைத்திருக்கும் கணக்குத்தான். இத்தனை மாணவர் வந்தனர், இத்தனை வகுப்புகள் இங்கு நடந்தன, இத்தனை நூல்கள் வெளியே சென்று திரும்பின என்று காட்ட முடியாத நூலகம் வெற்றிடமாகவே கருதப்படும்.

நூலகம் மூடப்பட்டால் அதிகம் இழப்பவர் எவர் என்பதே எமது கேள்வி. வீட்டில் தனியறையும் மேசையும் கணனியும் உள்ள பிள்ளைக்கு அது பெரிய இழப்பன்று. அண்மையில் வந்து சேர்ந்த குடும்பத்தின் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஓர் அறையில் தங்கியிருப்பர். தொலைக்காட்சியும் தம்பியின் அழுகையும் தொலைபேசியில் ஊருடன் நடக்கும் உரையாடலும் அந்த ஒரே அறைக்குள்தான். பாடசாலை மைதானத்திலோ மொழி தெரியாதவனுக்கு எந்தக் குழுவிலும் இடமில்லை. மதிய இடைவேளை ஒரு மணித்தியாலம் என்றால் அவனுக்கு அது ஒரு யுகம். நூலகத்தில் சூடு இருக்கிறது, கதிரை இருக்கிறது, எவரும் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சிரிப்பதில்லை. வீட்டுப்பாடத்தை அங்கே அச்சிட்டுக்கொள்ளவும் முடிகிறது.

ஆனால் இந்தப் பிள்ளை நூல்களை இரவல் பெறுவதில்லை. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் பின்னர் புகலிடம் கோருவோரில் அரசின் தங்குமிட உதவியை நாடியோர் அரசு காட்டும் இடத்திலேயே தங்கவேண்டியவர்களாயினர். லண்டனில் இருந்த குடும்பம் சில நாள் அவகாசத்தில் வேறொரு நகருக்குப் போகவேண்டி நேரலாம். திருப்பிக் கொடுக்க முடியாமற் போகக்கூடிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று தாய் எச்சரித்திருப்பாள். தொலைந்த நூலுக்குப் பணம் கட்டச் சொல்வார்களோ, அது எமது விண்ணப்பத்தைப் பாதிக்குமோ என்ற பயமும் அதிற் கலந்திருக்கும். ஆகவே அவன் நின்றும் இருந்தும் அங்கேயே வாசித்து, நூலை மேசையில் வைத்துவிட்டு மணியடிக்கப் போய்விடுகிறான். ஆண்டு முடிவில் கணனி அவன் பெயருக்கு எதிரே காட்டும் எண் பூச்சியம். அந்த நூலகத்தின் மிக விசுவாசமான வாசகன் கணக்கில் இல்லாதவனாகிவிடுகிறான்.

இரவல் எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதில் உள்ள குறை இதுவே. நல்ல நூலகர்கள் இதை அறிவார்கள். மேசைகளில் விடப்பட்ட நூல்களைத் தட்டில் அடுக்குமுன் எண்ணி எழுதுவது பழைய வழக்கம். இடைவேளையில் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணிக் குறிப்பதும் அவ்வாறே. எவருடைய பெயரும் தேவைப்படாத கணக்குகள் இவை. கணனி வந்தபின் சில இடங்களில் இவை கைவிடப்பட்டமை கவலைக்குரியது.

நூலகக் கணக்கைப் பற்றிப் பேசும்போது தமிழர் ஒருவரை நினைவுகூராதிருக்க முடியாது. சீர்காழியிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். அதே ஆண்டு நூலகவியல் கற்க லண்டனுக்கு வந்தார். அவருக்கு வழிகாட்டிய பேர்விக் சேயர்ஸ், குறொய்டன் நகர நூலகங்களின் தலைமை நூலகர். 1931இல் வெளியான ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதலாவதன் கருத்து, நூல் பூட்டிக் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதாகும். எமது மக்கள் பலருக்குக் குறொய்டன் என்றதும் நினைவுக்கு வருவது லூனார் ஹவுஸ் கட்டடமும் விடியற்காலை வரிசையும்தான். அதே ஊர் தமிழ் நூலகவியலின் தொடக்கத்தோடும் தொடர்புடையது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாம் படித்த கல்லூரியொன்றில் நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. திறப்பு ஓர் ஆசிரியரிடம் இருந்தது. அவர் பெரும்பாலும் விடுமுறையில் இருந்தார். அங்கே கணக்கெடுக்க ஏதும் இருக்கவில்லை.

பத்து இலட்சம் சொற்கள் என்ற போட்டிக்கு வருவோம். அக்செலரேற்றட் றீடர் என்ற கணனித் திட்டம் இங்குள்ள பாடசாலைகள் பலவற்றில் நடைமுறையில் உள்ளது. பிள்ளை ஒரு நூலை வாசித்தபின் கணனியில் சில வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். விடை சரியாயின் அந்நூலின் சொற்தொகை அவருடைய கணக்கில் சேரும். பத்து இலட்சத்தைத் தொட்டவருக்குப் பரிசு. நோக்கம் நல்லதே. ஆயினும் ஹரி பொட்டர் வரிசையின் ஐந்தாவது நூலில் மட்டும் ஏறத்தாழ 2,57,000 சொற்கள் உள்ளன. அத்தகைய நான்கு நூல்களை வாசித்தால் இலக்கு எட்டிவிடும். ஆங்கிலம் பழகும் பிள்ளை எடுக்கும் மெல்லிய நூலில் 2,000 சொற்கள் இருந்தால், அவர் அதே பரிசைப் பெற 500 நூல்களை வாசித்தாக வேண்டும். இருவரில் எவர் கூடுதலாக உழைத்தவர்? அன்றியும், வினாக்கள் தயாரிக்கப்பட்ட நூல்களே இதில் எண்ணப்படுகின்றன. அப்பிள்ளை வீட்டில் தாத்தாவுடன் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்த தமிழ் நூல் இந்தக் கணக்கில் ஒரு சொல்லாகவும் சேர்வதில்லை.

எமது பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டி என்றதும் எமக்கு ஒரு வேகம் வந்துவிடும். கணிதத்துக்கு ஒரு ரியூஷன், ஆங்கிலத்துக்கு ஒரு ரியூஷன் என ஓடும் பிள்ளையை இனிப் பத்து இலட்சம் சொற்களுக்காகவும் ஒரு ரியூஷனுக்கு அனுப்பிவிடுவார்களோ என அஞ்சுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டு இலட்சம் என்றால் எமது பிள்ளை ஒன்பது இலட்சம் ஆகவேண்டும் என்ற மனப்பாங்கு, வாசிப்பையும் ஒரு பாடமாக்கி வெறுக்கச் செய்துவிடும்.

இனி, இக்கணக்கெடுப்பின் பாரதூரமான பக்கம். 2000களின் தொடக்கம் முதல் பிரித்தானியப் பாடசாலைகள் பலவற்றில் நூலக அட்டைக்குப் பதிலாக விரல் அடையாளம் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளை கருவியில் விரலை வைத்தால் நூல் அவர் பெயரிற் பதிவாகிவிடும். அட்டை தொலையாது, வரிசை விரைவாக நகரும் என்பது பாடசாலைகளின் வாதம். விரலின் படம் சேமிக்கப்படுவதில்லை, அதிலிருந்து பெறப்படும் எண்களே சேமிக்கப்படுகின்றன என்றும் விளக்கமளிக்கப்படுகிறது. வேறெவருக்கும் இது சிறு விடயமாகத் தோன்றலாம். எமக்கு அப்படியன்று. புகலிடம் கோருவோரிடமும் அவர்தம் குடும்பத்தினரிடமும் கைரேகை பெறும் அதிகாரத்தை இந்நாட்டு அரசு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெற்றது. ஐரோப்பிய நாடுகளின் யூரோடக் பதிவேடு 2003இல் இயங்கத் தொடங்கியபோது 14 வயது நிரம்பியோரின் ரேகைகள் அதிற் பதியப்பட்டன. 2024இல் நிறைவேறிய புதிய சட்டம் அவ்வயதெல்லையை 6 ஆகக் குறைத்தது. ரேகை என்பது எம்மவர் பலரின் வாழ்க்கையில் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவோம் என்பதைத் தீர்மானித்த பொருள். கதைப்புத்தகம் பெறவும் பிள்ளை அதே விரலை நீட்டவேண்டும் என்றால் தாயின் நெஞ்சு பதைப்பதில் வியப்பில்லை.

இரண்டும் ஒரே பதிவேடு அல்ல என்பதை நாம் தெளிவாகவே கூறிவைக்கிறோம். வீண் பீதியைக் கிளப்புவது எமது நோக்கமன்று. ஆனால் பாடசாலை திரட்டும் விபரங்கள் பாடசாலையோடு நின்றுவிடும் என்று நம்பச் சொல்வோருக்கு 2016ஐ நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பாடசாலைகளில் மாணவரின் தேசியமும் பிறந்த நாடும் கேட்டுப் பதியப்பட்டன. பெற்றோரும் ஆசிரியரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்ததையடுத்து 2018இல் அது கைவிடப்பட்டது. எதிர்ப்புக் குரல் எழாதிருந்தால் அது தொடர்ந்திருக்கும்.

யார் எதை வாசித்தார் என்பது எவருக்கு உரியது? யப்பானில் 2015இல் நிகழ்ந்த சம்பவம் ஒன்று இதற்குப் பொருத்தமானது. எழுத்தாளர் ஹருகி முரகாமி கோபே நகரின் உயர்தரப் பாடசாலையில் மாணவராயிருந்த காலத்தில் எந்த நூல்களை இரவல் பெற்றார் என்பதைக் காட்டும் பழைய நூலக அட்டைகள் வெளிவந்தன. கோபே நாளிதழ் அவற்றைப் படத்துடன் பிரசுரித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் யோசப் கெசலின் நூல்களை அவர் எடுத்திருந்தார். இரசிகர்களுக்கு அது இனிய செய்தி. யப்பானிய நூலகச் சங்கமோ அதை வாசகரின் அந்தரங்கத்தை மீறிய செயலெனக் கண்டித்தது. போருக்கு முன்னரும் போர்க்காலத்திலும் சிந்தனைக் குற்றங்களைத் தேடியலைந்த பொலிஸ் ஆட்சியை அனுபவித்த நாடு அது. வாசகரின் இரகசியம் காக்கப்படவேண்டும் என்ற கொள்கை அங்குள்ள நூலகர்களின் பிரகடனத்தில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவிலும் 1980களில் எவ்.பி.ஐ. அதிகாரிகள் நூலகங்களுக்குச் சென்று வெளிநாட்டு வாசகரைப் பற்றி விசாரித்தது அம்பலமானபோது நூலகர்கள் எதிர்த்து நின்றனர்.

எமது இளைஞர்கள் பாடசாலை நூலகத்தில் எதைத் தேடுகிறார்கள்? தாம் பிறந்த மண்ணில் என்ன நடந்தது என்பதைத் தேடுகிறார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவோர் இல்லை. அல்லது பேச ஆரம்பித்தால் அழுகையில் முடிகிறது. தீவிரவாதத்தைத் தடுக்கும் கடமை 2015இல் சட்டமூலம் பாடசாலைகள் மீது சுமத்தப்பட்ட நாட்டில், ஈழப்போர் பற்றிய நூலொன்றைத் தனது பெயரிற் பதிந்து எடுக்க ஒரு மாணவன் தயங்கக்கூடும். இன்னொரு மாணவி தனது உடலைப் பற்றியோ, மனச்சோர்வைப் பற்றியோ, மதத்தில் தனக்கெழுந்த ஐயத்தைப் பற்றியோ வாசிக்க விரும்பலாம். அவள் அஞ்சுவது அரசுக்கன்று. பட்டியலைக் கேட்டு நூலகரிடம் போய் நிற்கும் தகப்பனுக்கு. உளவு பார்ப்பதில் எமது வீடுகளும் குறைந்தவையல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே நூலகத்தை எண்ணுங்கள், பிள்ளையின் உள்ளத்தை எண்ணாதீர்கள் என்பதே பாடசாலைகளுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள். எத்தனை பேர் வந்தனர் என்பதைச் சுவரில் எழுதுங்கள். நூல் திரும்பி வந்ததும் அதை எடுத்தவரின் பெயரை அழித்துவிடுங்கள். பரிசு கொடுப்பதாயின் பிள்ளை தானே முன்வந்து சொன்ன நூலுக்குக் கொடுங்கள். எந்த மொழியில் வாசித்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி யாழ். பொது நூலகத்தில் எரிந்தவை 97,000 நூல்கள் என்பது எமது பிள்ளைகள் வரை மனனமாகியுள்ள எண். அந்த மண்டபத்தில் நாள்தோறும் வந்து வாசித்தவர் எத்தனை பேர் என்று எவரும் எம்மிடம் கேட்டதில்லை. கரையோரக் கிராமங்களிலிருந்து துவிச்சக்கரவண்டியில் வந்து பத்திரிகை வாசித்துவிட்டுப் போனவரும், பரீட்சைக்குப் படிக்க இடமின்றி அங்கே வந்திருந்த மாணவரும் எந்தத் தொகையிலும் இல்லை. எம்முள் பலர் அவ்வாறு வந்திருந்தவர்கள்.

புதிய கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்கும்போது பாடசாலைகள் பெற்றோருக்குப் படிவங்கள் பலவற்றை அனுப்பும். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் பிள்ளையைக் கொண்டே அவற்றை நிரப்பி, கேட்ட இடமெல்லாம் ஒப்பமிட்டு அனுப்புவது வழக்கம். விரல் அடையாளத்துக்கான சம்மதமும் அவற்றிடையே இருக்கலாம். 2013 செப்டெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றி 18 வயதுக்குட்பட்ட மாணவரின் விரல் அடையாளத்தைப் பாடசாலை பயன்படுத்த முடியாது. தாய், தந்தையருள் ஒருவர் எழுத்தில் மறுத்தாலும் போதும். பெற்றோர் சம்மதித்தபின் பிள்ளை தானே மறுத்தாலும் அம்மறுப்பே செல்லும். மறுத்தமைக்காக நூலகம் மறுக்கப்படலாகாது. அட்டை போன்ற வேறு வழியைப் பாடசாலை ஏற்படுத்திக் கொடுத்தாக வேண்டும். விசா நிலை எதுவாயினும் இவ்வுரிமை பொருந்தும். மறுப்புக் கடிதத்துக்கு இரண்டு வரிகள் போதுமானவை. காரணம் எதுவும் எழுதவேண்டியதில்லை.