கைத்தொலைபேசிக்கு முந்திய காலமும் எமது கடமையும்

"எங்கட காலத்தில போனும் இல்லை, இன்ரநெற்றும் இல்லை. எவ்வளவு சந்தோசமாய் இருந்தனாங்கள்!" குடாநாட்டில் நாற்பது வயதைக் கடந்த எவரோடு பேசினாலும் இன்று இந்த வார்த்தையைக் கேட்கலாம். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். பேச்சு முடியும்போது பழி முழுவதும், கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் இருக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. இந்த ஏக்கத்தில் உண்மை இருக்கின்றது. ஆனால் எது உண்மை, எவ்வளவு உண்மை என்பதை நாம் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எமது பிள்ளைப் பருவம் எப்படிப்பட்டது? பிற நாடுகளில் வசதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த காலத்தில், எம்மிடம் இருந்தவையும் பறிபோயின. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதோடு யாழ்தேவி நின்றது; மின்சாரமும் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா என்பன தடைப் பொருட்களாயின. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தல் விளக்கின் கீழ் இருந்து படித்தோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சனநெரிசலில் கைதவறிப்போன பிள்ளையை எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தாய்மார் தவித்தனர். பிரிந்தவர்களின் சுகசேதி செஞ்சிலுவைக் குழுவின் கடிதத்தில் வந்து சேரும்வரை நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. அன்று ஒரு கைத்தொலைபேசி இருந்திருந்தால் எத்தனை கண்ணீர் மிஞ்சியிருக்கும்! ஆகவே தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தை நாம் விரும்பித் தெரிந்துகொண்ட எளிய வாழ்வு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவது பொருந்தாது.

அப்படியானால் எம் மனம் எதற்காக ஏங்குகின்றது? அந்த இருளிலும் எமது மக்கள் தாமே உண்டாக்கி வைத்திருந்த சில ஒழுங்குகளுக்காகவே ஏங்குகின்றது என்று நாம் எண்ணுகின்றோம்.

பற்றறி கிடைக்காத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். பி.பி.சி. தமிழோசையையும், மணிலாவிலிருந்து வரும் வேரித்தாஸ் வானொலியையும் ஒழுங்கையே கூடியிருந்து கேட்கும். சுற்றுபவருக்குக் கை ஓய்ந்தால் அடுத்தவர் சுற்றுவார். தாள் தட்டுப்பாட்டினால் பாடசாலைக் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்த 'உதயன்' பத்திரிகையை, சனசமூக நிலையத்தில் ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்பார்கள். வதந்தி அன்றும் இருந்தது. ஆயினும் செய்தியைக் கேட்டவர்கள் அந்த இடத்திலேயே, "இது நடந்திருக்குமோ? ஆர் சொன்னது?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். இன்று அதே வதந்தியைப் பிள்ளை தனியே இருந்து பார்க்கின்றான், தனியே நம்புகின்றான், விரலால் ஒருமுறை தொட்டு நூறு பேருக்கு அனுப்புகின்றான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது பகைமையைத் தூண்டும் செய்திகள் இவ்வழியிற் பரவின; அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. முடக்குவது சுலபம். கேட்டதை ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பதே கடினம்.

மறுபுறத்தில் இக்கருவி ஏழைக்குச் செய்யும் நன்மையை நாம் மறைக்கலாகாது. கேரளக் கரையோரத்தில் 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. பொருளியலாளர் றொபேட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, அதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டியது. சாளை பிடிக்கும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலையை விசாரித்து, நல்ல விலையுள்ள துறைக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள். விலைபோகாமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற்போனது. மீனவரின் இலாபம் சராசரி 8 வீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 வீதம் குறைந்தது. தரகர் சொன்னதே விலை என்று பழகிய எமது கடற்றொழிலாளருக்கும் தோட்டக்காரருக்கும் இது சிறிய செய்தி அல்ல.

இன்னுமொன்று. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. இன்றோ, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில், எமது பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒரு கிராமத்துப் பிள்ளை தன் கையிலுள்ள தொலைபேசியில் வாசிக்கலாம். புலம்பெயர்ந்த பேரப்பிள்ளையின் முகத்தை அம்மம்மா காண்பதும் இதில்தான். இவற்றை வேண்டாம் என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை.

ஆகவே கேள்வி வேறு. பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வைத்தால், அவன் எங்கே போவான்? பல ஊர்களில் சனசமூக நிலையத்தின் கதவு பூட்டிக் கிடக்கின்றது. திறந்திருக்கும் இடத்திலும் நாலு வயோதிபர்கள் மட்டும் பத்திரிகை பார்க்கின்றனர். மாலையில் விளையாட வேண்டிய பிள்ளை ரியூசனில் இருக்கின்றான், ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அப்படியொரு சட்டம் நாளை இங்கும் வரலாம். ஆனால் விளையாட்டிடத்தையும் வாசிகசாலையையும் கதை சொல்லும் மனிதரையும் எந்தச் சட்டமும் கொண்டுவந்து தராது. அவற்றை அன்று ஊரவர்தான் உண்டாக்கினார்கள். அதுவும் கையில் காசும் விளக்கில் எண்ணெயும் இல்லாத காலத்தில்.

நாம் செய்யக்கூடியவை பெரிய திட்டங்கள் அல்ல. ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையத்தை மாலை இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்கலாம்; கிழமைக்கு ஒருவராக முறைவைத்துப் பொறுப்பெடுக்கலாம். வாரத்தில் ஒரு மாலையாவது ரியூசன் இல்லாத மாலை என்று பெற்றோரும் ஆசிரியரும் கூடித் தீர்மானிக்கலாம். தொலைபேசியில் வரும் செய்தியை அங்கே எல்லோரும் சேர்ந்து பார்த்து, யார் சொன்னது, ஆதாரம் என்ன என்று பிள்ளைகளோடு ஆராயலாம். அதே தொலைபேசியால் ஊரின் முதியவர்களுடைய அனுபவங்களைப் பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்யலாம். பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இராச்சாப்பாட்டு நேரத்தில் தம் தொலைபேசியைத் தள்ளி வைத்தல். அப்பா கீழே வைக்காததைப் பிள்ளை வைக்க மாட்டான்.

எமது காலம் நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டிருப்பதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அந்தக் காலத்தில் எமக்கு ஒரு மூத்தவர் நேரம் தந்தார். ஓர் ஊர் இடம் தந்தது. அந்த நேரத்தையும் இடத்தையும் கொடுக்க வேண்டிய முறை இப்போது எமக்கு வந்திருக்கின்றது. உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதை இந்தக் கிழமையே விசாரித்துப் பாருங்கள்.