பழைய காரும் புதுத் தவணையும்

2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன்மேல் இருந்த செஸ்ஸும் நீங்கியது. அன்று தொட்டு ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மவர் பலருடைய வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கிறது. வாசலில் நிற்கும் பழைய ஆம்னியையோ சான்ட்ரோவையோ இன்னும் ரிப்பேர் செய்து ஓட்டுவதா, தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா என்பதே அது. இது வீட்டு விஷயம்தானே, சங்கப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காருக்குப் போகும் பணம் கடை முதலிலிருந்துதான் போகிறது. ஆகவே இது வியாபார விஷயமும் ஆகும்.

மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கு ஒன்று கண்கூடாகத் தெரியும். பத்து நாள் தவணைக்குச் சரக்கு எடுத்து, ஒன்பதாம் நாளே பணம் கட்டி வந்த கடைக்காரர், புதுக் கார் வாங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து இருபதாம் நாள், இருபத்தைந்தாம் நாள் என்று இழுக்க ஆரம்பிக்கிறார். அவருடைய நாணயத்தில் குறையில்லை. வங்கித் தவணை மாதம் 5ஆம் தேதி தானாகக் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்த பணம் அதில் போய்விடுகிறது. பாக்கி நின்றால் அடுத்த கொள்முதலில் அவருக்குக் கிடைக்க வேண்டிய விலைச் சலுகை போகிறது. பிறகு மளிகை அலமாரியில் இடைவெளி விழுகிறது, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார்.

ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு புதுக் கார். கையிலிருந்து 1,50,000 கட்டி, மீதி 4,50,000 ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 9,340 ரூபாய் வரும். 5 ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 1,10,000, ஆண்டுக்கு 22,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்தக் கார் 3 லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால், மதிப்புக் குறைவு ஆண்டுக்கு 60,000. கையிலிருந்து போன 1,50,000 கடையில் இருந்திருந்தால் மாதம் ஒரு சுற்று சுற்றி, சுற்றுக்கு 2 சதவீதம் நிகரமாக நின்றாலும் ஆண்டுக்கு 36,000 தந்திருக்கும். மூன்றையும் கூட்டினால் 1,18,000 ரூபாய்.

பழைய வண்டிக்கு ஆண்டு ரிப்பேர் 40,000 என்று தாராளமாகவே வைப்போம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டம். பழையது லிட்டருக்கு 11, புதியது 17 கிலோமீட்டர் கொடுக்கும் என்றால், பழையது சுமார் 257 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 25,700. ஆக மொத்தம் 65,700 ரூபாய். புது வண்டியின் முழு இன்சூரன்ஸைச் சேர்க்காமலேயே, பழையது ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. அவரவர் வண்டிக்கு அவரவர் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கின் முறை இதுவே.

இந்த இடத்தில் இரண்டு தப்பான அளவுகோல்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, "வண்டியே 60,000 தான் பெறும், அதற்கு 45,000க்கு இஞ்சின் வேலையா?" என்பது. ரிப்பேரை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடக் கூடாது; அதற்குப் பதில் வரப்போகும் வண்டியின் ஆண்டுச் செலவோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த 45,000 இன்னும் மூன்று ஆண்டு ஓட்டம் தருமானால் ஆண்டுக்கு 15,000தான் ஆகிறது. மற்றொன்று இதற்கு நேர் எதிரானது: "போன வருஷம்தானே கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினோம், இப்போது விற்பதா?" என்பது. வண்டு விழுந்த புளியை, வாங்கிய விலையை நினைத்து மூட்டையில் வைத்துக்கொண்டிருப்போமா? போன பணம் போனதுதான். இனிமேல் எவ்வளவு ஆகும் என்பது மட்டுமே கேள்வி.

அப்படியானால் பழைய வண்டியை என்றைக்கும் ஓட்டிக்கொண்டே இருக்கலாமா? முடியாது. நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் புது டாங்கிகளைக் கட்டுவதோடு, பழைய டாங்கிகளைப் பிரித்து முழு மராமத்துச் செய்து அனுப்பும் வேலையும் நடக்கிறது. அங்கு உதிரி பாகம் செய்யவும் சோதிக்கவும் வசதி உண்டு. அப்படியிருந்தும் 1965இல் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கி ஒரு நாள் ஓய்வு பெறத்தான் செய்தது. எந்த இயந்திரத்துக்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதற்கு நாம் மூன்று அடையாளங்களைச் சொல்வோம்.

முதலாவது, உதிரி பாகம். வண்டலூர் பக்கம் ஹெரால்டு, கெசல் கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1988இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த வண்டிகளை வைத்திருந்தவர்கள் நல்ல நிலையிலேயே அவற்றைக் கைவிட நேர்ந்தது, சாமான் கிடைக்காததால்தான். நமக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் 1998இல் தொடங்கிய லான்சர் காரும் இன்று உற்பத்தியில் இல்லை. மாருதி 800, அம்பாசடர் இரண்டும் 2014இலும், ஆம்னி 2019இலும் நின்றன. ஆனால் மாருதி 800க்கும் ஆம்னிக்கும் ஒரே 796 சி.சி. இஞ்சின் என்பதாலும், லட்சக்கணக்கில் ஓடியதாலும் சாமான் இன்னும் கிடைக்கிறது. ஜி.பி. ரோட்டில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழையதாகவும் உங்கள் வண்டியின் சாமான் கிடைக்கும்வரை கவலையில்லை. ஒரு சாமானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தால், அது விற்கும் நேரம்.

இரண்டாவது, துரு. இஞ்சினை இறக்கி ஏற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். அடிப்பாகம் அரித்துவிட்டால் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் புறநகரில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சொந்த வண்டியானாலும், மாற்றாக வாங்கப்போகும் பழைய வண்டியானாலும், மிதியடியைத் தூக்கி, ஜாக்கி போட்டு அடியில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயமாயின. பழைய வண்டி பலவற்றில் இவை இல்லை. பணம் கொடுத்துப் பொருத்தவும் வழியில்லை. சி.டி.எச். ரோடு நெரிசலில் முப்பதில் ஊர்ந்து கடைக்கும் வங்கிக்கும் போய்வர அந்த வண்டி போதும். பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இரவு நேரத்தில் லாரிகளோடு எண்பதில் போவது வேறு விஷயம். அத்தகைய பயணம் மாதத்தில் ஒன்றிரண்டு என்றால் வாடகைக் கார் எடுங்கள். வாரந்தோறும் என்றால், மிச்சமாகும் 50,000 ரூபாயைப் பெரிதாக எண்ணாமல் வண்டியை மாற்றுவதே குடும்பத் தலைவரின் கடமை என்பது நமது உறுதியான கருத்து.

சட்டத்தைப் பற்றியும் வீண் பயம் உலவுகிறது. 15 ஆண்டானால் சொந்தக் காரை ஓட்டவே கூடாது என்று தமிழ்நாட்டில் தடை ஏதும் கிடையாது. தில்லி வட்டாரத்துச் செய்தியைப் படித்துவிட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஆர்.சி.யைப் புதுப்பித்தால் 5 ஆண்டு ஓட்டலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. இவற்றையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர்களுக்கென்றே சில செய்திகள் உண்டு. சொந்த உபயோகக் காருக்கான இன்சூரன்ஸ், சரக்கு ஏற்றுவதற்குப் பொருந்தாது. காலையில் சீட்டை மடக்கி அரிசி மூட்டை, மாலையில் குடும்பம் என்று ஆம்னியை ஓட்டும் நம்மவர்கள், மூட்டையோடு விபத்தானால் நஷ்ட ஈடு கிடைப்பது சந்தேகம் என்பதை அறிய வேண்டும். பலருடைய கார் சீக்கிரம் கெடுவதற்கும் அந்த மூட்டைகளே காரணம். சரக்குக்குக் குட்டி யானையை வாடகைக்கு எடுத்தாலே காரின் ஆயுள் கூடும். சரக்கு வண்டியைக் கடை பெயரில் வாங்கினால் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காருக்கு அது நமக்குக் கிடையாது. கடை பெயரில் உள்ள காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதிவந்திருந்து, விற்கும்போது தேய்மானம் போக நிற்கும் மதிப்பைவிடக் கூடுதலாக விலை வந்தால், அந்தக் கூடுதலுக்கு மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு விலை பேசுவது நல்லது.

மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பழைய வண்டியிலா போவது என்று வீட்டில் கேட்பார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் சம்பந்தி வீட்டார் வியாபாரக் குடும்பமாக இருந்தால், வாசலில் நிற்கும் காரைப் பார்ப்பதோடு, மார்க்கெட்டில் நமக்குப் பாக்கி உண்டா என்றும் விசாரிப்பார்கள்.

ஆகவே உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பேரேட்டில் காருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ், வண்டி நின்றுபோன நாட்கள் எல்லாவற்றையும் ஓராண்டு எழுதி வாருங்கள். இன்று முதல் மாதம் 5,000 ரூபாய் தனியே போட்டு வாருங்கள். மூன்று ஆண்டில் 1,80,000 சேரும்; முன்பணத்துக்குக் கடை முதலைத் தொட வேண்டியதில்லை. வரி குறைந்தது என்பதற்காகவோ, பண்டிகைச் சலுகை முடிகிறது என்பதற்காகவோ அவசரப்பட வேண்டாம். பிரேக்கிலும் அடிப்பாகத்திலும் குறை கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.