ஜீரோ டு நூறு: இதுல உங்க திறமை எங்கே?

நம்ம சேலம், நாமக்கல், திருச்செங்கோடு ஏரியாவுல இன்ஜினியரிங் காலேஜுக்கும் பஞ்சமில்ல, லாரிக்கும் பஞ்சமில்ல. அதனாலயோ என்னவோ வண்டிப் பேச்சுக்கும் பஞ்சமே இல்ல. கேன்டீன்ல நாலு பேர் உட்கார்ந்தா அஞ்சாவது நிமிஷம் வர்ற கேள்வி, "ஜீரோ டு ஹண்ட்ரட் எவ்ளோடா?" அப்பாவோட ஆட்டோமேட்டிக் கார் சாவி கையில கிடைச்ச பய, அதுக்குப் பதிலை பைபாஸ்ல போய் நிரூபிச்சுக் காட்டறான். பக்கத்து சீட்டுல இருக்கறவன் மொபைல்ல படம் பிடிக்கறான். முடிஞ்சதும் "செம டிரைவர்டா மச்சி"ன்னு ஒரு பட்டம்.

அந்தப் பட்டத்தைத்தான் நான் கேள்வி கேக்கறேன்.

முதல்ல அந்த வித்தை என்னன்னு பாத்துடுவோம். சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டியில கிளட்சுக்குப் பதிலா டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரும் புதிருமா வச்சு ஒண்ணைப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? அதே கதைதான், காத்துக்குப் பதிலா எண்ணெய். இடது காலால பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வலது காலால ஆக்சிலேட்டரை மிதிச்சா, இன்ஜின் ஒரு அளவு ஆர்பிஎம் வரைக்கும் ஏறி அங்கயே நிக்கும். அதுக்குப் பேர் ஸ்டால் ஸ்பீடு. டர்போவும் காத்தை நெருக்கி வச்சுக்கும். பிரேக்கை விட்டா வண்டி பாயும். கிளம்பற அந்த நேரத்துல கன்வெர்ட்டர், இன்ஜின் டார்க்கை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கிக் கொடுக்கறதும் உண்டு.

இப்போ இதுக்கும் கம்ப்யூட்டர் வந்தாச்சு. லாஞ்ச் கன்ட்ரோல். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கற பிஎம்டபிள்யூ ஆலையில அசெம்பிள் ஆகி 2021ல வெளிவந்த எம்340ஐ காரையே எடுத்துக்குங்க. 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், 4.4 விநாடில நூறுன்னு கம்பெனி சொல்லுது. எத்தனை ஆர்பிஎம்ல நிறுத்தணும், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு அனுப்பணும், எப்போ கியர் மாத்தணும், எல்லாத்தையும் கம்ப்யூட்டரே முடிவு பண்ணுது. நம்ம ஹீரோ பண்ணது என்ன? இடது காலைத் தூக்கினாரு. அவ்ளோதான்!

2024ல இங்க வந்த பிஒய்டி சீல் எலக்ட்ரிக் காரோட பெரிய மாடலுக்கு அதே வேலைக்கு 3.8 விநாடிதான். அதுல கியர் மாத்தற வேலையே கிடையாது. ஆக்சிலேட்டரை மிதிக்கத் தெரிஞ்ச யாரும் அந்த நேரத்தை எடுக்கலாம். அப்புறம் இதுல டிரைவர் எங்க வந்தாரு?

சரி, மெக்கானிக்கல் பசங்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வுக் கெழு 1ன்னு வச்சா, நாலு சக்கரமும் தள்ளினாக்கூட முடுக்கம் 9.8ஐத் தாண்டாது. நூறு கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 27.8 மீட்டர். வகுத்தா 2.8 விநாடி. அந்த டயரைப் போட்டுக்கிட்டு அதுக்குக் கீழ போக முடியாது, எத்தனை குதிரையைக் கட்டினாலும் சரி. ஆக, எல்லையைப் போடறது டயரும் ரோடும். நம்ம தைரியம் இந்தச் சமன்பாட்டுல எங்கயும் வரல.

இன்னொரு கணக்கு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு உறும விடும்போது இன்ஜின் கொடுக்கற சக்தி எங்க போகுது? வண்டி நகரல, அதனால அத்தனையும் எண்ணெய்ல சூடாத்தான் போகணும். 60 கிலோவாட் உள்ள போகுது, கன்வெர்ட்டர்ல 4 லிட்டர் எண்ணெய் இருக்குன்னு வச்சுப் போட்டுப் பாருங்க, விநாடிக்குச் சுமார் 9 டிகிரி ஏறும். பத்து விநாடி வீடியோவுக்கு போஸ் கொடுத்தா 90 டிகிரி! டபுள் கிளட்ச் வண்டின்னா ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கறது பெரும்பாலும் வேலைக்கே ஆகாது, கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிடும். 2013ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி டிரை கிளட்ச் உள்ளதுல திரும்பத் திரும்ப இப்படிக் கிளப்பினா, சூட்டை வாங்கிக்க அங்க எண்ணெயும் கிடையாது. கியர்பாக்ஸ் பில்லு அப்பா பேர்லதான் வரும்.

கியர்பாக்ஸ் போனா போகட்டும், அது அவங்க வீட்டுக் காசு. என் கோபம் ரோட்டைப் பத்தினது.

சேலம் - நாமக்கல் ரோடு (பழைய என்எச் 7, இப்போ 44) ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் போறது. ஆனா நம்ம ஊருக்குள்ள அது பால் கேன் கட்டின டிவிஎஸ் 50 குறுக்க வர்ற ரோடு. குச்சிக்கிழங்கு ஏத்தின டிராக்டர் திரும்பற ரோடு. ஸ்கூல் விட்ட பிள்ளைங்க மீடியன் ஓரமா நிக்கற ரோடு. ஒரு பாட்டி ரோட்டைக் கடக்கறாங்கன்னு வைங்க. ரெண்டு லேன், 7 மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தா 7 விநாடி ஆகும். இறங்கறதுக்கு முன்னாடி அவங்க பாக்கறாங்க. தூரத்துல ஒரு கார் நிக்குது. நிக்கற வண்டிதானேன்னு நம்பி இறங்கறாங்க. அந்தக் கார் 4.4 விநாடில நூறைத் தொட்டு, அப்படியே போனா, அந்த 7 விநாடில 130 மீட்டருக்கு மேல வந்திருக்கும். பாட்டி இன்னும் கடைசி அடி வைக்கல.

வேகமா வர்ற வண்டியைப் பாத்தா ஜனங்க ஒதுங்கத் தெரிஞ்சவங்க. ஆனா நிக்கற வண்டியை நம்பறாங்க. அந்த நம்பிக்கையை ஏமாத்தறதுதான் இந்த விளையாட்டு.

"ஓவர்டேக் பண்ண உதவும்ல?"ன்னு ஒரு சப்பைக்கட்டு வரும். நின்ன இடத்துல இருந்து யாருங்க ஓவர்டேக் பண்றது? அதுக்கு வேண்டியது 60ல இருந்து 100. லாஞ்ச் கன்ட்ரோலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

"அப்போ எங்கதான் ஓட்டறது?"ங்கறது நியாயமான கேள்வி. ஒரு காலத்துல சோழவரத்துல உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்துச்சு. அப்புறம் இருங்காட்டுக்கோட்டை வந்துச்சு. கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல வந்துச்சு. 2024ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 விட்டப்போகூட 3.5 கிலோமீட்டர் ரோட்டை அடைச்சு, வேலி போட்டு, ஆம்புலன்ஸ் நிறுத்தித்தான் விட்டாங்க. தொழில்முறை ஓட்டுநர்களுக்கே அவ்வளவு வேணும்னா, பைபாஸ் பசங்களுக்கு?

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவு, மாநில அரசோட எழுத்துபூர்வ அனுமதி இல்லாம ரேஸ் மட்டுமில்ல, எந்த விதமான வேகச் சோதனையும் பொது இடத்துல கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே மூணு மாசம் வரை ஜெயில், இல்லன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

திறமையைப் பாக்கணும்னா நம்ம ஊர்லயே பாக்கலாம். நாமக்கல்ல முட்டை ஏத்திக்கிட்டு கேரளாவுக்குக் கிளம்பற வண்டியைப் பாருங்க. மேல அடுக்கடுக்கா அட்டை, ஒரு குலுக்கல்ல மொத்தமும் ஆம்லெட். அதை அலுங்காம நகர்த்தறார் ஒரு டிரைவர். தொப்பூர் மேட்டுல டிராஃபிக்ல நின்னுபோன லோடு லாரியை, பின்னாடி ஒரு அடி உருள விடாம கிளட்சுலயே தூக்கறார் இன்னொருத்தர். எந்தக் கம்ப்யூட்டரும் அவருக்கு உதவல. அவர் நேரத்தை யாரும் எடுக்கறதும் இல்ல, வீடியோ போடறதும் இல்ல.

அடுத்த தடவை கேன்டீன்ல யாராவது "ஜீரோ டு ஹண்ட்ரட் எவ்ளோ?"ன்னு கேட்டா, "நூறுல இருந்து ஜீரோவுக்கு எத்தனை மீட்டர்?"னு திருப்பிக் கேளுங்க. பதில் தெரியாதவன் வண்டியில முன் சீட்டுல உட்காராதீங்க.

டிஸ்கி: இதை எழுதறவன்கிட்ட இருக்கறது பஸ் பாஸ் மட்டும்தான். "பொறாமை"ன்னு சொல்ல வர்றவங்க, பாட்டி கணக்கு தப்புன்னு போட்டுக் காட்டிட்டுச் சொல்லுங்க :-)