இருளைத் தேடி எங்கே போவது?

விண்மீன் பார்க்க இருட்டான இடம் எங்கே உண்டு என விசாரித்து, வண்டி அமர்த்திக்கொண்டு மலையேறும் வழக்கம் நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போகிறார்கள். போகட்டும். ஆனால், பச்சைமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூலாம்பாடியில் இருப்பவர் வானத்தை வெளியூரில் தேட நேர்ந்தது ஏன் என்று வினவுகிறோம்.

இஸ்பஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964-இல் எழுதிய நூலில், ஆந்திரமேடா மண்டலத்தில் சிறு மேகம் போன்றதொரு திட்டு இருப்பதைக் குறித்துவைத்தார். தொலைநோக்கி பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், வெறுங்கண்ணால் கண்டது அது! நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் கூட்டம் அது என்பது 1920-களில்தான் உறுதியாயிற்று. அல்தபரான், அல்தாயிர் என்று ஐரோப்பியரும் அழைப்பவை அரபுப் பெயர்களே என மேடைதோறும் மார்தட்டுகிறோம். மார்கழியில் இஷாவுக்குப் பின் மொட்டைமாடிக்கு ஏறி, வடவானில் உயரே நிற்கும் அந்த மேகத்தைத் தம் பிள்ளைக்குக் காட்ட நம்மில் எத்தனை பேரால் இயலும்?

அறிஞர் வைணு பாப்பு இருளைத் தேடித்தான் வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் 1,073 சதுர கிலோமீட்டர் நிலத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ள சிற்றூர் மக்கள் சன்னல்களுக்குக் கனத்த திரையிடுகிறார்கள், விளக்குகளுக்கு மூடியிடுகிறார்கள். அந்த ஏழை எளியவர்களால் முடிவது நம்மால் முடியாதா?

வானத்தைக் கெடுப்பது விளக்கன்று, மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சம். காற்றிலுள்ள தூசியும் ஈரமும் அதைத் திருப்பி நம் கண்ணில் வீசுகின்றன. நீலம் கலந்த வெண்ணொளி மஞ்சளொளியைவிட அதிகமாகச் சிதறும். அயல்நாட்டு ஊதியத்தில் எழுந்த மாடிவீடுகளின் முகப்பில் விடியும்வரை எரிவது யாருக்காக? (கல்யாண வீட்டுச் சரவிளக்கை விட்டுவிடுவோம், அது இரண்டு நாள் கூத்து.)

திருடர் பயம் என்பார்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்கின் பின்னே நிற்பவனை யாராலும் பார்க்க முடியாது. நிலத்தை நோக்கி மூடியிட்ட சிறு விளக்கோ அவன் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். மின்கட்டணமும் குறையும்.

மேல்வானில் மெல்லிய கீற்றாய்த் தோன்றும் பிறைக்காகக் காத்திருக்கும் சமுதாயம் நாம். அந்த அந்திப் பொழுதிலேயே, அந்தப் பிறையின் திசையிலேயே, மினாராவின் அடியிலிருந்து வானை நோக்கி விளக்கு பாய்ச்சுகிறோம்! ஜமாஅத்தார் இதை முதலில் நிறுத்தட்டும். மாதத்தின் 29-ஆம் நாள் மாலையாவது, மஃரிபிலிருந்து இஷாவரை, பள்ளிவாசலின் வெளிவிளக்குகளை அணைத்துவைக்கட்டும். பேரூராட்சித் தெருவிளக்குகளுக்கு மூடி கேட்டு மனுக் கொடுப்பது அதற்கு அடுத்த வேலை.